மாடுகள் காத்த காடு

இலண்டன் மாநகரின் சுரங்க இரயிலில் ஏறி, முக்கால் மணி நேரத்தில் பழம்பெரும் காடு ஒன்றின் விளிம்பில் இறங்கலாம் என்று கேள்விப்பட்டபோது நான் முதலில் நம்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், கிழக்கு இலண்டனில் ஒரு பங்கின் தந்தை விடுப்பில் சென்றிருந்த ஐந்து வாரங்கள் அவரிடத்தில் இருந்து பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்நாள்களில் ஒரு திங்கட்கிழமை, அப்பங்கைச் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் என்னை எப்பிங் காட்டிற்கு அழைத்துச் சென்றார். மரங்களைப் பார்த்துத் திரும்பலாம் என்றுதான் புறப்பட்டேன். திரும்பி வந்தபோது, மரங்களைவிடப் பெரிய கேள்வி ஒன்று என்னோடு வந்துவிட்டது.

லவ்டன் என்னும் சிற்றூரின் நிலையத்தில் இறங்கிக் கடைத்தெருவைக் கடந்து சிறிது தொலைவு ஏறியதும் காடு தொடங்கிவிடுகிறது. மாநகரின் வடகிழக்கு ஓரத்திலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளத்திற்குச் செல்லும் இந்தக் காட்டின் பரப்பு ஏறக்குறைய 6000 ஏக்கர். பீச், ஓக், ஹார்ன்பீம் ஆகிய மூவகை மரங்களே மிகுதி. உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுவது அம்மரங்களின் விந்தையான உருவம். ஆளுயரத்திற்கு மேல் வரை தடித்துப் புடைத்த ஒரே அடிமரம். அங்கிருந்து ஒரு கையின் பல விரல்களைப்போலக் கிளைகள் வானை நோக்கிச் செல்கின்றன. இத்தகைய முதுமரங்கள் ஐம்பதாயிரத்திற்கும் மேல் இங்கே உள்ளன. அவற்றுள் பல, சில நூற்றாண்டுகள் வயதுடையவை.

இது இயற்கை தந்த உருவம் அன்று. மனிதக் கை தந்த உருவம். நம் ஊரில் பூவரசின் கொப்பை வெட்டி ஆட்டுக்குத் தழையாகப் போடுகிறோம். வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்க்கிறது. அதைப்போலவே அங்கும் மக்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தின் தலையைக் கழித்து விறகு எடுத்துவந்தனர். தரையோடு வெட்டினால் புதுத்துளிரை மேயும் மாடு தின்றுவிடும். ஆகவே மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வெட்டினார்கள். மேலே ஏழையின் அடுப்புக்கு விறகு, கீழே ஏழையின் மாட்டுக்குப் புல். ஒரே நிலம் இருவகைப் பயனைத் தந்தது. மரமும் சாகாமல் நீண்ட காலம் வாழ்ந்தது. தலை கழிக்கப்பட்ட மரம், கழிக்கப்படாத மரத்தைவிட நெடுநாள் வாழ்வதுண்டு என்பது மரமறிந்தோர் கூறும் உண்மை.

ஒரு திறந்த வெளியை அடைந்தபோது அங்கே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. செம்பழுப்பு உடலும், முதுகின்மேல் ஓடும் வெண்பட்டையும், முகத்தின் இருபுறமும் வளைந்து இறங்கும் நீண்ட கொம்புகளும் உடைய அந்நாட்டுப் பழைய இனம் அது. சுற்றிலும் வேலி எதுவும் இல்லை, மேய்ப்பரும் இல்லை. "இவை வழிதவறிப் போகமாட்டாவா, ஐயா?" என்று கேட்டேன்.

"வேலி ஒண்டும் இல்லை, சுவாமி. கழுத்தில கிடக்கிற பெட்டியைப் பாருங்கோ. எல்லைக்குக் கிட்டப் போனா அது சத்தம் போடும், மாடு திரும்பிவிடும்" என்றார் பெரியவர். பிறகு சிரித்துக்கொண்டே, "எங்கட ஊரில ஒரு முழ வேலிக்கு வழக்குப் பேசி வயலையே வித்த ஆக்கள் இருக்கினம். இங்க மாடு வேலியே இல்லாம இருக்குது" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் இந்தக் காட்டின் வரலாறே வேலியைப் பற்றியதுதான் என்பதைப் பின்னர்ப் படித்து அறிந்தேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்நிலப்பகுதி அரசனின் வேட்டைக்காடாக இருந்தது. நிலம் பலருக்கு உரியதாயினும், மானும் மானுக்கு வேண்டிய மறைவும் அரசனுக்கே உரியவை. அரசனின் மானைக் கொன்றவன் கடுந்தண்டனைக்கு ஆளானான். இந்தக் கொடுமையைத் தணித்த ஓர் ஆவணம் 1217ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் வெளியிடப்பட்டது. வனச் சாசனம் என்று அதனைக் கூறலாம். மானுக்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக்கூடாது என்றும், உரிமையுள்ளோர் தம் கால்நடைகளைக் காட்டில் மேய்க்கலாம், பன்றிகளை மரக்கொட்டைகள் தின்ன ஓட்டிச் செல்லலாம் என்றும் அது வழிவகுத்தது.

அப்போது அரசன் மூன்றாம் ஹென்றி பத்து வயதுச் சிறுவன். அவனுக்கென முத்திரை இல்லை. ஆகவே அச்சாசனத்தில் இருவரின் முத்திரைகள் இடப்பட்டன. ஒருவர் அரசின் காவலராக இருந்த வில்லியம் மார்ஷல். மற்றவர் திருத்தந்தையின் தூதராக அங்கிருந்த கர்தினால் குவாலா. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், புகழ்பெற்ற மகா சாசனத்தைச் செல்லாது என்று அறிவித்தவர் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. அவருக்குப் பின் வந்த திருத்தந்தையின் காலத்தில், அதே திருப்பீடத்தின் தூதர் ஏழை எளியோரின் மேய்ச்சலைக் காக்கும் சாசனத்திற்குத் தம் முத்திரையை அளித்தார். அச்சாசனம் கட்டற்ற குடிமக்களைப் பற்றியே பேசியது. பண்ணையடிமைகள் அதில் சொல்லப்படவில்லை. ஆயினும், காடு அரசனுக்கு மட்டும் அன்று என்னும் எண்ணம் எழுத்தில் ஏறிவிட்டது. 1971 வரை, எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல், அது இங்கிலாந்தின் சட்ட ஏட்டில் இருந்தது.

லவ்டன் ஊர் அக்காலத்தில் அருகிலிருந்த வால்தம் துறவுமடத்தின் உடைமையாக இருந்தது. இன்றும் காட்டின் ஒரு பகுதிக்குப் 'பெரிய துறவியர் வனம்' என்பதே பெயர். 1540இல் எட்டாம் ஹென்றி அம்மடத்தைக் கலைத்தான். இங்கிலாந்தில் கடைசியாகக் கலைக்கப்பட்ட மடம் அது. துறவியர் போயினர், நிலக்கிழார்கள் வந்தனர். ஆனால் மக்களின் வழக்கம் மட்டும் மாறவில்லை. லவ்டன் மக்களுக்கு விறகு வெட்டும் உரிமை ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11ஆம் நாள் நள்ளிரவில் தொடங்கி, ஏப்ரல் 23ஆம் நாள் முடிந்தது. முதல் நாள் தூர் நகர்ப் புனித மார்ட்டின் திருநாள். இரண்டாம் நாள் புனித ஜார்ஜ் திருநாள். சமயம் மாறிய பின்னும், ஏழையின் விறகுக்கணக்கில் புனிதர்கள் தங்கிவிட்டார்கள். தம் மேலங்கியை வெட்டி, குளிரில் நடுங்கிய ஏழைக்குப் பாதி கொடுத்த புனிதரின் நாளில், ஏழை தன் குளிருக்கு விறகு வெட்டத் தொடங்குவது எவ்வளவு பொருத்தம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் பெருத்தது. நிலத்தின் விலை ஏறியது. அண்டையிலிருந்த ஹைனால்ட் காட்டை 1851இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாகக் காடு அல்லாததாக்கி, குறுகிய காலத்தில் அதன் பெரும்பகுதியை வேரோடு பிடுங்கி வயலாக்கிவிட்டார்கள். எப்பிங் காட்டிலும் நிலக்கிழார்கள் அரசிடமிருந்து வன உரிமையை விலைக்கு வாங்கி வேலியடைக்கத் தொடங்கினர். 1860களின் நடுவில், லவ்டனில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வேலிக்குள் சென்றது. அதை அடைத்தவர் அவ்வூரின் நிலக்கிழார். அவர் பெயர் ஜான் விட்டேக்கர் மெய்ட்லண்ட். அவரே அவ்வூரின் ஆங்கிலிக்கன் பங்குக் குருவும் ஆவார்.

இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் குடும்பம் விலை கொடுத்து வாங்கியிருந்தது. சட்டப்படியே நடப்பதாகவே அவர் நம்பியிருக்கவேண்டும். ஞாயிறன்று மறையுரை கூறிய அதே மனிதர், மற்ற நாள்களில் தம் மக்களின் அடுப்புக்கும் காட்டுக்கும் இடையே வேலி நட்டார்.

அவரை எதிர்த்து நின்றவர் தாமஸ் வில்லிங்கேல் என்னும் முதிய விறகுவெட்டி. உரிமை நிலைக்கவேண்டுமானால், ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் நள்ளிரவில் எவரேனும் ஒருவர் முதல் கிளையை வெட்டவேண்டும். ஓராண்டு தவறினாலும் உரிமை அற்றுப்போகும் என்பது ஊரார் நம்பிக்கை. இதனை அறிந்த நிலக்கிழார் தரப்பு, ஓர் ஆண்டு அவ்விரவில் விறகுவெட்டிகள் அனைவரையும் விடுதிக்கு அழைத்து விருந்தும் மதுவும் கொடுத்ததாம்; மயங்கிக் கிடக்கையில் நள்ளிரவு கடந்துவிடும் என்பது கணக்கு. வில்லிங்கேல் மட்டும் கோடரியோடு வெளியேறி, ஒரு கிளையை வெட்டிவந்து விருந்து மேசைமேல் போட்டாராம். ஊரார் சொல்லும் கதை இது. ஆனால் 1866இல் அவர் குடும்பத்தினர் விறகு வெட்டியதற்காகச் சிறை சென்றது கதையன்று. அவர் தொடுத்த வழக்கு முடியுமுன் 1870இல் அவர் இறந்தார். இன்று அவ்வூரில் ஒரு பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதற்குள் காட்டில் ஏறக்குறைய பாதி வேலிக்குள் போய்விட்டது. 1865இல் தோன்றிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் இப்போராட்டத்தைக் கையில் எடுத்தது. 1871இல் இலண்டன் நகரவை வழக்குத் தொடுத்தது. நகரவைக்கு என்ன உரிமை என்ற கேள்வி எழுமன்றோ? காட்டின் தெற்கு எல்லையில் கல்லறைத் தோட்டம் அமைக்க அது முன்னரே நிலம் வாங்கியிருந்தது. அந்நிலத்தோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் சேர்ந்து வந்தது. இறந்தோரை அடக்கம் செய்ய வாங்கிய நிலம், உயிரோடிருந்த காட்டைக் காக்கும் வழக்குக்கு அடித்தளமாயிற்று.

வழக்கின் நடுவே நின்றது மாடு. நிலக்கிழார்கள், ஒவ்வோர் ஊரின் மேய்ச்சலும் அந்தந்த ஊர் எல்லைக்குள்தான் என்றார்கள். அது உண்மையாயின், ஒவ்வோர் ஊரிலும் இருந்த சிலரை மட்டும் பணம் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம். நகரவையின் வழக்கறிஞர்கள் பழைய ஏடுகளைத் தேடியெடுத்து, காட்டின் எந்த ஊரிலிருந்து விட்ட மாடும் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு எல்லை பாராமல் காடு முழுவதும் மேய்ந்துவந்தது என்பதை நிறுவினார்கள். ஆகவே ஒவ்வோர் ஊராரின் உரிமையும் முழுக்காட்டின்மீதும் படர்ந்தது. 1874இல் நீதிபதி ஜார்ஜ் ஜெசல் இதனை ஏற்று, 1851க்குப் பின் போட்ட வேலிகள் சட்டத்திற்கு முரணானவை என்று தீர்ப்பளித்தார். 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் நிறைவேறியது. காடு என்றும் வேலியின்றிப் பொதுவில் இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. மேய்ச்சல் உரிமை காக்கப்பட்டது. உரிமையாளர்கள் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் நான்கு வனப் பிரதிநிதிகள் இன்றும் நிர்வாகத்தில் அமர்கிறார்கள். 1882 மே 6ஆம் நாள் விக்டோரியா அரசியார் நேரில் வந்து காட்டை மக்களுக்கு உரித்தாக்கினார்.

அந்த 1882ஆம் ஆண்டை நாம் எளிதில் கடந்துபோக முடியாது. அதே ஆண்டு, அதே அரசியின் ஆட்சியில், சென்னை மாகாண வனச் சட்டம் பிறந்தது. ஒதுக்குக் காடு என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் மாடு மேய்ப்பதும் விறகு எடுப்பதும் இசைவின்றிச் செய்தால் குற்றமாயின. இலண்டன் மக்களின் மாட்டுக்குக் காடு திறந்த ஆண்டில், நம் மூதாதையரின் மாட்டுக்குக் காடு மூடப்பட்டது. நம் நாட்டில் வனவாழ் மக்களின் மேய்ச்சல் உரிமையைச் சட்டம் ஏற்க 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊர்ப்பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் மாநிலங்களுக்கு ஆணையிட்டதையும் இங்கே நினைவுகூரலாம்.

எப்பிங் காட்டின் வெற்றியும் முழுமையானதன்று. விறகு வெட்டும் உரிமை அச்சட்டத்தாலேயே ஒழிந்தது. அதற்கு ஈடாக லவ்டன் மக்களுக்கு ஒரு பொதுமன்றம் கட்டித்தரப்பட்டது. 1884இல் திறந்த அக்கட்டடத்தை நானும் பார்த்தேன். கோடரிகள் ஓய்ந்தபின், தலை கழிக்கப்படாத மரங்களின் கிளைகள் பாரம் தாங்காது பிளந்தன. நிழல் அடர்ந்து தரையில் பூக்கள் குன்றின. இருபதாம் நூற்றாண்டில் மாடு வளர்ப்போரும் குறைந்தனர்; 1996இல் பரவிய மாட்டுநோய் அச்சத்தில் மேய்ச்சல் நின்றேபோயிற்று. திறந்த வெளிகளைப் புதர் மூடியது. மனிதனும் மாடும் விலகினால் காடு செழிக்கும் என்று எண்ணியவர்கள், இக்காட்டை வளர்த்தவை மனிதனின் கோடரியும் மாட்டின் வாயுமே என்பதை உணர்ந்தார்கள். அதன்பின்னரே மாடுகள் திருப்பி அழைத்துவரப்பட்டன. நான் கண்டவை அவைதாம்.

திருச்சபையின் போதனைக்கு இது புதிதன்று. அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்கும்படி லேவியர் நூல் பணிக்கிறது. மனிதன் பொருளைத் தனக்கென வைத்துக்கொள்ளலாம், ஆனால் பயன்படுத்தும்போது அதனைப் பொதுவானதாகக் கருதவேண்டும் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். தனியுடைமையின்மீது சமூகத்தின் அடமானம் ஒன்று உண்டு என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1987ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். குருமடத்தில் இவற்றை நான் படித்தேன். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் படித்தது கைக்கு வரவில்லை என்பதை எப்பிங் காட்டில்தான் உணர்ந்தேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில், கோவிலுக்குப் பின்னால் நான்கு ஏக்கர் நிலம் திறந்து கிடந்தது. ஊர்ப் பெண்கள் அங்கே ஆடு மேய்ப்பார்கள். பனையோலையும் சுள்ளியும் பொறுக்குவார்கள். ஆக்கிரமிப்புக்கு அஞ்சி, நன்கொடை திரட்டி நான்கு பக்கமும் மதில் எழுப்பினேன். வாயிலில் பூட்டும் போட்டேன். அச்சம் பொய்யன்று, கோவில் நிலங்கள் பறிபோவதை நாம் அறிவோம். மதில் எழும்பியபோது, இரண்டு ஆடு வைத்திருந்த மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்து, "ஆடு மேயலன்னா இது முள்ளுக்காடா போயிரும் சாமி" என்றார். தம் ஆட்டுக்காகப் பேசுகிறார் என்றே எண்ணினேன். நிலத்துக்காகவும் பேசினார் என்பது எனக்கு விளங்கவில்லை.

இலண்டனிலிருந்து திரும்பிய பின் ஒருநாள் அவ்வூருக்குச் சென்று பார்த்தேன். மூதாட்டி இறந்துவிட்டார். மதிலுக்குள் ஆள் நுழையமுடியாத முட்புதர். பின்பக்க மதிலை எவரோ இடித்து, உள்தள்ளிக் கட்டி, ஏறக்குறைய அரை ஏக்கரைத் தம் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அது நடந்து மூன்று ஆண்டு ஆகியும் எவரும் அறியவில்லை. உள்ளே போவார் இல்லாத நிலத்தை யார் கவனிப்பார்? அந்த மூதாட்டியின் ஆடுகள் அங்கே மேய்ந்திருந்தால், முதல் செங்கல் பெயர்ந்த அன்றே ஊர் முழுவதும் செய்தி பரவியிருக்கும். ஆயிரம் ஏக்கர் அடைத்த அந்தக் குருவை நான் மனத்துக்குள் தீர்ப்பிட்டேன். அடைத்தது நான்கு ஏக்கர் என்பதால் நான் அவரினும் நல்லவன் ஆகிவிடமாட்டேன்.

எப்பிங் காட்டைக் காத்தவை அரசியின் அறிவிப்பும் நீதிபதியின் தீர்ப்பும் என்று கல்வெட்டுகள் கூறலாம். அவற்றுக்கு முன்னே, எல்லை தெரியாமல் மேய்ந்த மாடும், நள்ளிரவில் வெட்டப்பட்ட கிளையும் அதனைக் காத்தன. பொதுநிலத்தின் உண்மைக் காவலர் அதில் நடமாடும் எளியவரே. வயல்வெளியில் தங்கி இரவில் மந்தையைக் காத்திருந்த இடையர்களுக்கே மீட்பரின் பிறப்பு முதலில் அறிவிக்கப்பட்டது. விழித்திருந்தவர்களும் அவர்களே.

இப்போது நான் இருக்கும் பங்கிலும் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்துக்கு மதில் எழுப்ப ஒரு தீர்மானம் வந்துள்ளது. மதில் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அதில் வாயில் எங்கே இருக்கவேண்டும், அது எந்நேரம் திறந்திருக்கவேண்டும், இப்போது அங்கே யார் யாருடைய ஆடுகள் மேய்கின்றன என்ற மூன்று கேள்விகளை மட்டும் எழுதிவைத்திருக்கிறேன். பங்குப்பேரவை கூடும்போது, அந்த ஆடுகளுக்கு உரியவர்களையும் அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.